கடலூர் வீட்டுக் கார் ஷெட்டுக்கு ஒரு தாழ்வான டிராலி ஜாக்: நிகழ்வு ஆய்வு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் மைத்துனர் வீட்டில் இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று ஸ்விஃப்ட். இன்னொன்று, என் மாமனார் விற்க மனம் வராமல் வைத்திருக்கும் பழைய செடான். கொஞ்சம் உயரமான வேகத்தடை வந்தால் அடி உரசும் அளவுக்குத் தாழ்ந்த வண்டி. ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் மாற்றுவது, டயர்களை முன்னும் பின்னும் இடம் மாற்றிப் போடுவது எல்லாம் இப்போது வீட்டிலேயே நடக்கிறது. அதற்கு இருந்தது பிளாஸ்டிக் பெட்டியில் வரும் சிறிய 2 டன் டிராலி ஜாக், அதாவது சக்கரத்தில் உருட்டி வண்டிக்கு அடியில் தள்ளித் தூக்கும் ஹைட்ராலிக் ஜாக். ஸ்விஃப்டை அது எப்படியோ தூக்கிவிடும். செடானுக்குப் பக்கவாட்டில் மட்டும் நுழையும், முன்பக்கம் நுழைந்தாலும் போதிய உயரம் தூக்காது. டயர் பஞ்சர் ஆகி உட்கார்ந்துவிட்டால் பக்கவாட்டிலும் நுழையாது.

"மாமா, பேசாம ஒரு 3 டன் ஜாக்கா வாங்கிடலாமா?" என்று மைத்துனர் கேட்டார்.

"டன்னை அப்புறம் பாப்போம். முதல்ல டேப்பை எடு" என்றேன்.

ஜாக் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் டன்னில்தான் தொடங்குகிறார்கள். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பதும் அதுதான். ஆனால் வீட்டுக் காருக்கு டன் ஒரு பிரச்சினையே இல்லை. செடானின் எடை சுமார் 1,200 கிலோ. முன்சக்கர இழுவை வண்டிகளில் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்பக்கம் இருக்கும். முன்பக்கம் முழுவதையும் ஒரேயடியாகத் தூக்கினாலும் ஜாக்கின் மேல் வருவது 700 கிலோ சொச்சம். ஒரு மூலையை மட்டும் தூக்கினால் அதில் பாதி. ஒன்றரை டன் ஜாக்கே தாராளம். ஹைட்ராலிக்கில் சிறிய பிஸ்டனை அழுத்திப் பெரிய பிஸ்டனை நகர்த்துவதால் சுமையைக் கூட்டுவது எளிது. 1795-ல் ஜோசப் பிரமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்து அந்தத் தத்துவம் மாறவில்லை. கடினமானது வேறு: கீழே இறங்கும்போது நன்றாகப் படுத்துக்கொள்ள வேண்டும், அதே ஜாக் மேலே போகும்போது நன்றாக எழவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து வருவதற்கு, வண்டியைத் தொடும் தலையை ஏந்தி எழும் நீளமான கை ஜாக்கில் வேண்டும், அதற்கேற்ற நீளமான சட்டம் வேண்டும், அதனால் எடையும் விலையும் ஏறும். காசு கொடுத்து வாங்குவது இந்த மில்லிமீட்டர்களைத்தான்.

கீழ் உயரம்

செடானில் நான்கு அளவுகள் எடுத்தோம். முன்சக்கரத்துக்குப் பின்னால், கதவுக்கு அடியில் இருக்கும் மடிப்புத் தகட்டில் இரண்டு வெட்டுக் குறிகள் இருக்குமே, அந்த ஜாக் பாயின்ட் தரையிலிருந்து 165 மி.மீ. முன்பக்கம் நடுவில், உரிமையாளர் கையேடு தூக்கச் சொல்லும் கிராஸ் மெம்பர் (அடியில் குறுக்கே போகும் இரும்புச் சட்டம்) 178 மி.மீ. முன் பம்பரின் கீழ் உதடு 150 மி.மீ. பம்பர் உதட்டிலிருந்து கிராஸ் மெம்பர் வரை உள்ளே போக வேண்டிய தூரம் கிட்டத்தட்ட 50 செ.மீ.

ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. என்று தயாரிப்பாளரே சொல்கிறார். செடானோடு ஒப்பிட்டால் அதில் சிக்கல் குறைவு. அதனால் செடானுக்குப் பொருந்துவது ஸ்விஃப்டுக்கும் பொருந்தும் என்று அதை ஒதுக்கிவைத்தோம்.

இதெல்லாம் நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கும்போது எடுத்த அளவு. பெரும்பாலானவர்கள் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். வண்டி கீழே உட்கார்ந்திருக்கும் நாளில்தானே ஜாக் மிகவும் தேவைப்படும்? அதனால் ஒரு முன்டயரின் காற்றை முழுக்க இறக்கிவிட்டு மறுபடி அளந்தோம். 195/65 ஆர்15 டயரின் பக்கச்சுவர் உயரம் 127 மி.மீ. (195-ல் 65 சதவீதம்). காற்று போனதும் அந்தச் சுவர் மடிந்து ரிம் கிட்டத்தட்ட ரப்பர் மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. ஜாக் பாயின்ட் 165-லிருந்து 112 மி.மீ.-க்கு இறங்கியது. பழைய சிறிய ஜாக்கின் தலை உயரம் 135 மி.மீ. அது ஏன் நுழையவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இந்த 112-க்குள் இன்னொரு கழித்தல் இருக்கிறது. மடிப்புத் தகட்டில் நேரடியாக இரும்புத் தலையைக் கொடுத்தால் தகடு மடங்கும், பெயின்ட் உரியும். கடலூர் காற்றில் பெயின்ட் உரிந்த இடம் ஒரு மழைக்காலத்துக்குள் துருப்பிடித்துவிடும். அதனால் நடுவில் வெட்டு உள்ள ரப்பர் பேட் கட்டாயம். தகடு அந்த வெட்டுக்குள் இறங்கும் என்றாலும், உள்ளே தள்ளும்போது பேட்டின் முழு உயரமும் குறுக்கே நிற்கும். எங்களுக்குக் கிடைத்த பேட் 22 மி.மீ. தடிப்பு. ஆக, ஜாக்கின் தலை 90 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது. 'லோ புரொஃபைல்' என்று எழுதி 100 மி.மீ. தலையோடு விற்கப்படும் ஜாக்குகள் இந்த ஒரு கணக்கிலேயே கழிந்துவிட்டன. அந்தப் பெயருக்கு எல்லாக் கடையிலும் ஒரே அளவு என்று நினைத்துவிடக் கூடாது.

தலையோடு விஷயம் முடிவதுமில்லை. முன்பக்கமாகத் தள்ளும்போது தலை மட்டுமா உள்ளே போகிறது? அதன் பின்னால் கை, சட்டம், பம்ப் எல்லாம் தொடர்ந்து போக வேண்டும். தலை 75 மி.மீ. இருக்கும் ஜாக்கிலும் பின்பக்க பம்ப் பகுதி 150, 170 என்று எழும்பி நிற்கும். அந்த எழும்பல் எங்கே தொடங்குகிறது என்பதை எந்தப் பெட்டியிலும் போடுவதில்லை. நாங்கள் கடையில் ஜாக்கைப் பக்கவாட்டில் வைத்து, பத்து பத்து செ.மீ.-க்கு ஒரு உயரம் என்று குறித்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியில் அதே உருவத்தை வெட்டி, காரின் முன்பக்கம் உள்ளே தள்ளிப் பார்த்தோம். பம்பர் உதட்டில் இடித்தால் அட்டை மடங்கும், அவ்வளவுதான். காசு செலவில்லாத இந்த வேலையை ஜாக் வாங்கும் யாரும் தவிர்க்கக் கூடாது என்பது என் திடமான கருத்து.

மேல் உயரம்

இரண்டு பலகைகளைப் போட்டு முன்சக்கரங்களை ஏற்றிவிட்டால் பழைய ஜாக்கே நுழையுமே என்று மாமனார் கேட்டார். நல்ல யோசனைதான், பல வீடுகளில் நன்றாகவே நடக்கிறது. ஆனால் பலகை நுழைவை மட்டும் தீர்க்கும். ஜாக் எழ வேண்டிய உயரத்தைத் தீர்க்காது.

அந்த உயரத்தை முடிவு செய்வது ஜாக் ஸ்டாண்ட். ஜாக் தூக்குவதற்கு மட்டும். வண்டி நிற்க வேண்டியது ஸ்டாண்டின் மேல். ஹைட்ராலிக் ஜாக்கில் எண்ணெயைப் பிடித்து நிறுத்துவது ஒரு சிறிய வால்வும் சில ரப்பர் சீல்களும். அதில் ஒரு துகள் சிக்கினாலும், சீல் கிழிந்தாலும், யாராவது கைப்பிடியில் இடித்து வால்வைத் திருகிவிட்டாலும் வண்டி இறங்கும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ விடவே கூடாது. இதில் எனக்கு எந்தத் தளர்வும் இல்லை.

சாதாரண 3 டன் ஸ்டாண்டைக் கடைசி வரை இறக்கினாலும் 285 மி.மீ. இருக்கும். அதன் மேல் ரப்பர் 15. ஆக, கதவுக்கு அடியிலுள்ள ஜாக் பாயின்ட் 300 மி.மீ. வரை எழ வேண்டும், அதாவது 165-லிருந்து 135 மி.மீ. மேலே. இப்போது ஜாக் இருப்பது அந்த இடத்தில் இல்லை, முன்னால் கிராஸ் மெம்பரில். வண்டி பின்சக்கரத்தை அச்சாக வைத்துத் தூக்குவதால், பின்சக்கரத்திலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு அதிகம் எழ வேண்டும். பின் அச்சிலிருந்து ஸ்டாண்ட் வைக்கும் இடம் 2,100 மி.மீ., கிராஸ் மெம்பர் 2,600 மி.மீ. 135-ஐ 2,600-ஆல் பெருக்கி 2,100-ஆல் வகுத்தால் 167. கிராஸ் மெம்பர் 178-லிருந்து 345-க்குப் போக வேண்டும். ஸ்டாண்டை உள்ளே நகர்த்திச் சரிசெய்ய இன்னும் 15 மி.மீ. இடைவெளி வேண்டும். 360.

பழைய ஜாக்கின் உச்சம் 335. பலகை போட்டிருந்தால் வண்டியைத் தூக்கியிருக்கும், ஸ்டாண்ட் வைக்க இடம் கிடைத்திருக்காது. அப்போது மனிதர் என்ன செய்வார்? ஜாக்குக்கும் வண்டிக்கும் நடுவே மரக்கட்டை, செங்கல் என்று ஏதாவது செருகுவார். கான்கிரீட் கல்லும் செங்கல்லும் ஒரு புள்ளியில் சுமை வந்தால் எச்சரிக்கை தராமல் பொடியும்.

ஸ்டாண்டை வாங்கும்போதும் கண் வேண்டும். 2020-ல் அமெரிக்காவில் ஒரு கடைத்தொடர் விற்ற பல லட்சம் ஸ்டாண்டுகள் திரும்பப் பெறப்பட்டன. பற்சட்டத்தில் கொக்கி சரியாகப் பிடிக்காமல் நழுவக்கூடும் என்பதே காரணம். அதனால் குறுக்கே கம்பி செருகும் ஸ்டாண்ட், அல்லது பல்லோடு சேர்த்துப் பூட்டுக் கம்பியும் உள்ள ஸ்டாண்ட் என்று முடிவு செய்தோம். ஒரு ஜோடி போதும்.

தரையும் இடமும்

ஷெட் 10 அடி அகலம், 18 அடி நீளம். உள்ளே பார்க்கிங் டைல்ஸ், கேட் பக்கம் ஐந்தாறு அடிக்குப் பேவர் பிளாக். தண்ணீர் வடிய கேட்டை நோக்கி வாட்டம். நம் ஊரில் பாதி வீடுகள் இப்படித்தான்.

டிராலி ஜாக் நேர்கோட்டில் தூக்குவதில்லை. கை ஒரு வில்லாக எழும்போது தலை கைப்பிடிப் பக்கமாகப் பின்வாங்கும். வண்டி நகராமல் நின்றால் ஜாக்தான் சக்கரத்தில் உருண்டு முன்னால் போக வேண்டும். பேவர் பிளாக் இடுக்கில் அதன் சின்ன இரும்புச் சக்கரம் மாட்டினால் ஜாக் உருளாது, தலை கிராஸ் மெம்பரில் இழுபடும். ஜாக் வழுக்கி விழும் விபத்துகளில் இது முக்கியமான காரணம். அடியில் பிளைவுட் போடலாம் என்றால் 12 மி.மீ. பிளைவுட் நுழைவு உயரத்தில் 12-ஐத் தின்றுவிடும். லேத் பட்டறையில் 5 மி.மீ. இரும்புத் தகடு ஒன்றை இரண்டடிக்கு மூன்றடியாக வெட்டி வாங்கினோம். ஸ்டாண்டுகளுக்கும் அதே தடிப்பில் சிறிய தகடுகள். அப்போது இரண்டும் ஒரே அளவு உயரும், மேல் உயரக் கணக்கு மாறாது. டைல்ஸைத் தட்டிப் பார்த்தபோது இரண்டு இடத்தில் உள்ளே காலியாகச் சத்தம் கேட்டது. அந்த டைல்ஸ் மேல் ஸ்டாண்டின் கால் வரக் கூடாது என்று பெயின்டால் குறி போட்டுவிட்டார் மாமனார்.

அகலம் இன்னொரு தொல்லை. 10 அடி ஷெட்டில் காரை ஒரு சுவரோரம் ஒதுக்கி நிறுத்தினாலும் மறுபக்கம் ஒரு மீட்டர் சொச்சம்தான் கிடைக்கிறது. 70 செ.மீ. நீளமுள்ள ஜாக்கை அதற்குள் குறுக்காக வைத்து முழுக் கைப்பிடியை ஆட்ட முடியாது. இரண்டு துண்டாகக் கழலும் கைப்பிடியில் கீழ்த்துண்டை மட்டும் மாட்டினால் சமாளிக்கலாம், ஒரு மூலையின் எடை என்பதால் கைக்கு அவ்வளவு பாரமாகவும் இருக்காது. கைப்பிடி இரண்டு துண்டா என்பதும் இப்படித் தேர்வுப் பட்டியலில் ஏறியது. முன்பக்க வேலைக்கு வண்டியை ரிவர்ஸில் உள்ளே விட்டு, மூக்கு கேட் பக்கம் இருக்கும்படி நிறுத்தி, கேட்டைத் திறந்துவைத்தால் கைப்பிடிக்கு இடம் தாராளம்.

ஆனால் வாட்டமும் கேட்டை நோக்கித்தான். முன்பக்கம் தூக்கும்போது பின்சக்கரங்கள் தரையில் இருப்பதால் ஹேண்ட் பிரேக் பிடிக்கும், கூடவே பின்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை. பின்பக்கம் தூக்கும்போது நிலைமை தலைகீழ்: பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில்தான் வேலை செய்கிறது, அது அந்தரத்தில் இருக்கும்போது பிரேக் போட்டும் பயனில்லை. கியரில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான் ஜாக்கையே வெளியில் எடுக்க வேண்டும்.

கடைசியில் நின்ற இரண்டு

புதுச்சேரியில் ஒரு டூல்ஸ் கடையில் பார்த்தவற்றில் கடைசி வரை நின்றவை இரண்டு. ஒன்று அலுமினிய ஜாக்: ஒன்றரை டன், 89-லிருந்து 359 மி.மீ. வரை, எடை 13 கிலோ. இன்னொன்று இரும்பு ஜாக்: 3 டன், 75-லிருந்து 500 மி.மீ. வரை, எடை 34 கிலோ.

அலுமினிய ஜாக்கை மைத்துனருக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு கையால் தூக்கலாம். 89 என்பது எங்கள் 90-க்குள் ஒட்டி நுழைந்துவிடும். மேலேதான் இடித்தது. எங்களுக்கு வேண்டியது 360, அதன் உச்சம் 359. எந்த ஜாக்கையும் கடைசி மில்லிமீட்டர் வரை நீட்டி வேலை வாங்குவது நல்லதில்லை. வண்டிக்குப் பின்னால் டிக்கியில் சுமை இருந்தால், பின் சஸ்பென்ஷன் இன்னும் அமுங்கினால், அந்த 360-ம் ஏறும். இரும்பு ஜாக்கில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்திலேயே வேலை முடிந்துவிடுகிறது. நுழைவில் 15 மி.மீ. மிச்சம். அட்டை உருவமும் உதட்டுக்குக் கீழே இடிக்காமல் போனது.

ஆனாலும் எடையைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டியிருந்தது. கடலூரில் 34 கிலோ என்பது சுளுக்குப் பிரச்சினை மட்டும் இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையேதான் கரையைக் கடந்தது. 2015 நவம்பர் வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், அதை அடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என்று தரைமட்டத்தில் வைத்த பொருள் தண்ணீருக்குள் போகும் ஊர் இது. ஜாக் மூழ்கினால் எண்ணெய் நிரப்பும் மூடி, பம்ப் பிஸ்டன் வழியாகத் தண்ணீர் உள்ளே போய், எண்ணெயைத் தடுக்கும் குண்டு வால்வு உட்காரும் இடமெல்லாம் துருவேறிவிடும். தண்ணீர் வரும் இரவில் 13 கிலோவை ஒருவரே மாடிப்படியில் ஏற்றிவிடலாம். 34-க்கு இரண்டு பேர் வேண்டும்.

இதற்கு வழி ஷெட்டின் பின்சுவரோரம் கிடைத்தது: இரண்டரை அடி உயரத்தில் கடப்பா கல் போட்ட ஒரு மேடை. ஐப்பசி பிறந்ததும் இரண்டு பேர் சேர்ந்து ஜாக்கை அதன் மேல் ஏற்றிவிடுவது, தை வரை வேண்டும்போது மட்டும் இறக்குவது. மாமனார் ஒத்துக்கொண்ட பிறகுதான் இரும்பு ஜாக்கை உறுதி செய்தோம். வீட்டை விட்டு வெளியே எடுத்துப் போகிறவராகவோ, தனியாக இருப்பவராகவோ இருந்தால் நான் அலுமினியத்தையே சொல்லி, குட்டையான ஸ்டாண்டாகத் தேடச் சொல்லியிருப்பேன்.

கடையில் வேறு சிலவும் பார்த்தோம். லேபிளில் ஐரோப்பாவின் இ.என். 1494 அல்லது அமெரிக்காவின் ஏ.எஸ்.எம்.இ. பேஸ் தரம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா, சீல் கிட் தனியாகக் கிடைக்குமா, தலை அச்சில் ஆடுகிறதா. கடைக்காரர் தன் சொந்த வண்டியைத் தூக்கிக் காட்டச் சம்மதித்தார். இறக்கும்போது கைப்பிடியை மெல்லத் திருகினால் வண்டி மெல்ல இறங்கியது. மலிவு ஜாக்குகளில் கால் திருகு வரை ஒன்றும் நடக்காது, அப்புறம் தொப்பென்று விழும்.

பயன்பாட்டில் தெரிந்தவை

வீட்டுக்கு வந்ததும் வால்வைத் திறந்துவைத்து, சுமை இல்லாமல் பல தடவை பம்ப் அடித்துக் காற்றை வெளியேற்றினோம். பிறகு செடானின் முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டுகளை ஒரு விரல் இடைவெளியில் கீழே நிறுத்தி, கிராஸ் மெம்பர் உயரத்தைக் குறித்துவிட்டு அரை மணி நேரம் யாரும் பக்கத்தில் போகாமல் விட்டோம். அளவு இறங்கவில்லை. டேப்பில் பார்த்த 360 நேரிலும் கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்தது.

தலை மிகத் தாழ்ந்திருக்கும்போது முதல் சில அடிகள் கைக்குக் கனமாக இருக்கின்றன. ஜாக்கின் கை கிட்டத்தட்டப் படுத்திருக்கும் நிலையில் ஹைட்ராலிக் தள்ளுவதற்கு நெம்புபலம் குறைவு என்பதால் அது இயல்பே, ஜாக்கில் குறை இல்லை. அது கொஞ்சம் எழுந்ததும் இலகுவாகிவிடுகிறது.

உப்புக் காற்றுக்கு நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு எளியது. வேலை முடிந்ததும் ஜாக்கை முழுக்க இறக்கியே வைப்பது. அப்போது ராம் எனும் பளபளப்பான பிஸ்டன் தண்டு எண்ணெய்க்குள் ஒளிந்திருக்கும். அதில் துருப்புள்ளி விழுந்தால் ஒவ்வொரு தடவை எழும்போதும் சீலைச் சுரண்டும். சக்கர அச்சுகளிலும் தலையின் கீழும் கிரீஸ். எண்ணெய் குறைந்தால் ஜாக்குக்கான ஹைட்ராலிக் ஆயில் மட்டும். கையில் இருக்கிறதே என்று பிரேக் ஆயிலை ஊற்றினால் ஜாக் சீல்களின் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். பல மெக்கானிக் கடைகளிலேயே இதை ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

இன்னும் தீராதது செடானின் பின்பக்கம். அங்கே நடுவில் தூக்கக் கையேடு இடம் எதுவும் காட்டவில்லை. சக்கரங்களை இணைக்கும் குறுக்கு பீமைத் தூக்கலாம் என்று தெருவில் எல்லாரும் சொல்கிறார்கள், கையேடு சொல்லாததைச் செய்ய நான் விடவில்லை. அதனால் பின்பக்கம் இப்போதைக்கு ஒவ்வொரு மூலையாகக் கதவோர ஜாக் பாயின்ட்டில்தான் எழுகிறது. ஜாக் நிற்கும் அதே புள்ளியில்தான் ஸ்டாண்டும் நிற்க வேண்டும் என்பது அங்கே இடைஞ்சல். அந்தப் புள்ளியை ஒட்டி, தகட்டின் உள்பக்கம் சேசிஸின் பெட்டிப் பகுதியில் ஸ்டாண்ட் வைக்கலாமா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் வரைபடம் கேட்டிருக்கிறோம். அது வரும்வரை பின் பிரேக் வேலை மட்டும் வெளியில்தான் நடக்கிறது.